பாதி வெள்ளை, பாதி பச்சை

அக்கா,

மழை விட்டுவிட்டது. காலையில் வாசல் சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்தபோது, பாசியும் சுண்ணாம்பும் கலந்த ஈர வாசனை வந்தது. கூடவே உன் குரலும்: "இன்னாடி, செவுத்துக்கு வாராவாரம் தலைக்கு ஊத்துறே?"

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு பழவேற்காட்டில் ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாம். எண்பதுகளின் தொடக்கம். ஏரிக்காற்றின் ஈரத்தில், வெள்ளையடித்த சுவர் ஒரு மழைக்காலத்திலேயே பச்சையாகிவிடும். வாசலுக்கு ஒரு பக்கம் என் அறை, மறுபக்கம் உன் அறை. என் பக்கத்தை வாராவாரம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நீ தொடவே இல்லை. "மழ கழுவாததையா நான் கழுவப்போறேன்?" என்பாய்.

அப்போதுதான் நம் நாத்தனாரைப் பெண் பார்க்க எளாவூரிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா, பாகம் பிரிச்சாச்சா? அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்த இல்லியா?"

மாமியாருக்கு முகம் செத்துவிட்டது. ஏற்கெனவே வந்த இடமெல்லாம் தட்டிப்போன பெண்.

நீதான் சிரித்தாய். "பேச்சு இல்லாமயா? காலையில இருந்து நானும் இவளும் இந்தச் செவுத்துக்காகத்தான் சண்ட போட்டுனுகிறோம். உள்ள வாங்க." அவர் கையைப் பிடித்து நேரே சமையலறைக்கு அழைத்துப் போனாய். ஒரே அடுப்பு, ஒரே சட்டியில் இறால் குழம்பு. "புளி நான் கரைச்சேன், உப்பு அவ போட்டா. கரிச்சா அவளக் கேளுங்க."

அந்த அம்மா பலகையை இழுத்துப்போட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "செவுத்துக்காக மட்டும் சண்ட போடுற ஊடுன்னா தாராளமா பொண்ணு எடுக்கலாம்." அன்றே பேசி முடித்தார்கள்.

அவர்கள் தலை மறைந்ததும் நீ புடவையை இழுத்துச் செருகினாய். "இன்னா பாக்குற? குடத்த எடு." உன் பக்கத்துப் பாசி தேய்க்கத் தேய்க்க வர மறுத்தது. என் பக்கத்தை நீ கட்டைவிரலால் அழுத்தினாய். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் ஊறிப்போன பூச்சு மாவாக உதிர்ந்தது. இரண்டு பேரும் தோற்றதை எண்ணிச் சிரித்துச் சிரித்து அப்படியே உட்கார்ந்துவிட்டோம். பிறகு ஒரு முடிவுக்கு வந்தோம். மழை ஓய்ந்ததும் ஒருமுறை, கோடைக்காற்று உப்பை அப்பிவிட்டுப் போனதும் ஒருமுறை, நல்ல தண்ணீரில் கழுவுவது. நடுவில் பச்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் துடைப்பது. நீ இருந்தவரை சேர்ந்தே கழுவினோம்.

இன்று உன் மருமகள் பதறி ஓடி வந்தாள். "சின்னத்தே, எங்க பக்கத்த நாங்க கழுவிக்கிறோம், வுடுங்க."

"எது உங்க பக்கம்னு எனக்கு மறந்தே போச்சுடி" என்றேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை அக்கா. நிஜமாகவே மறந்துவிட்டது.