சிவப்புக் கோட்டுக்கு ஏறாத ஆறு

இன்று காலை டயர் மாற்ற வந்த ஒரு லாரி ஓட்டுநர் கடைச் சுவரைக் காட்டி, "அங்கிள், இது யாரு வயிறு? ஸ்கேன் எடுத்த மாதிரி இருக்கு" என்றார். நீ ஒட்டிவிட்டுப் போன படம்தான். நீலம், பச்சை, நடுவில் கொஞ்சம் சிவப்பு.

"வயிறு இல்ல லா. நம்ம கோத்தா திங்கி ஆறு. நானும் என் கூட்டாளியும் கம்ப்யூட்டர்ல ஓட விட்டது. அதுல முக்காவாசி கணக்கு நான் சொன்னது."

அவர் சிரித்துவிட்டு நட்டை முடுக்குவதைப் பார்க்கத் திரும்பிவிட்டார். நீ இருந்தால் மூலை நாற்காலியிலிருந்து ஒரு கனைப்பு வந்திருக்கும். அது வராததால் எனக்குக் கதையைத் தொடரத் தோன்றவில்லை.

பெக்கோக் தோட்டத்துப் பள்ளியில் நமக்கு ஒரே பெஞ்சு. ஆறாம் வகுப்போடு எனக்குப் போதும் என்று வாத்தியார்களே கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். நீ படித்தாய், படித்துக்கொண்டே இருந்தாய். கடைசியில், ஓடும் தண்ணீரைக் கணக்குப் போடுவதற்காகவே டாக்டர் பட்டம் வாங்கி வந்தாய். "ஓடுற தண்ணிக்கு எதுக்குடா டாக்டரு? அதுக்கு என்ன வியாதி?" என்று கேட்டேன். "கொந்தளிப்பு. உன் வாய்க்கு இருக்கிற அதே வியாதி" என்றாய்.

உன் தம்போய் வீட்டிலிருந்து வாராவாரம் நீ வர ஆரம்பித்தது அந்த ஒன்பது வீடுகளுக்காக. என் கடைக்குப் பின்னால் ஆற்றோரம் இருப்பவை. பழைய பெருவெள்ளம் மாதிரி இன்னொன்று வந்தால் அங்கே தண்ணீர் எவ்வளவு ஏறும் என்று நீ அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஜன்னலைத் தாண்டும் என்று எழுதினால் ஒன்பது குடும்பமும் காலி செய்ய வேண்டியதுதான். முதல் வீட்டு லெட்சுமி அக்கா உன் காரைக் கண்டாலே, "வந்துட்டாருய்யா. மழையே இல்லாம எங்க வீட்ட முழுகடிக்கப் பாக்குறாரு" என்பார். நீ தலையைக் குனிந்துகொண்டு கடைக்குள் வருவாய்.

டியூபை முக்கி ஓட்டை பார்க்கும் தொட்டி இருக்கிறதே, அதில் கையைவிட்டு ஒரு இழுப்பு இழுத்து எனக்குக் காட்டினாய். கைக்குப் பின்னால் பெரிய சுழி. அது உடைந்து சின்னச் சின்னதாக. அப்புறம் கண்ணுக்கே தெரியாததாக.

"இதுங்கள ஒவ்வொன்னா எண்ணணும்னா உலகத்துல இருக்கிற கம்ப்யூட்டர் பத்தாதுடா மணியம்."

"நான் எண்ணித் தரவா?"

"நீ எண்ணினா நூறு சுழி ஆயிரம் ஆகும். நாங்க எண்ணுறதில்ல. எல்லாம் சேந்து ஓடுற தண்ணிய எவ்வளவு பிடிச்சு இழுக்குதுன்னு மட்டும் ஒரு எண்ணு வச்சுக்குவோம். கொந்தளிப்புத் தகைவுன்னு பேரு. அந்த எண்ணு சரியான்னு தெரிஞ்சுக்க, நெசமா வந்த வெள்ளத்தோட ஒத்துப் பாக்கணும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே வெளித்தூணில் இருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாய். என் தோள் உயரக் கோடு. பெருவெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று நான் பெயிண்ட் அடித்து வைத்தது. டேப்பை எடுத்து அளந்தாய். என் கதைகளில் பாதியைக் கழித்தே கேட்கிறவன் நீ. அந்த வெள்ளத்தில் பதினாலு அடி முதலையை நான் ஸ்பானரால் விரட்டியதைக்கூட, "பல்லி ஒன்னு ஓடிச்சு, சரி, அப்புறம்?" என்று கேட்டவன். ஆனால் அன்று பேனாவை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "கோடு சரிதானடா?" என்றாய்.

"சரிதான்டா" என்றேன்.

எழுதிக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒருமுறைகூட நீ அதைக் கேட்கவில்லை.

பத்து வாரம். உன் கம்ப்யூட்டர் ஆறு அந்தக் கோட்டுக்கு ஏறவே இல்லை. இரண்டடி கீழேயே நின்றது. நீ இழுப்பு எண்ணைக் கூட்டினாய், மறுபடி கூட்டினாய். ஒரு நாள் தே தாரிக் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாய். "கோட்டுக்கு ஏத்தணும்னா அந்த எண்ண எங்கேயோ கொண்டு போகணும்டா. அப்புறம் அது ஆறு இல்ல, சீனிப் பாகு. முப்பது வருசமா இதத்தான் செய்றேன். எங்க தப்புன்னு தெரியல. எனக்கே மூளை மழுங்கிப் போச்சோ என்னமோ." அப்புறம் மெல்லச் சொன்னாய்: "வெள்ளிக்கிழமை அறிக்கை குடுக்கணும். கோட்ட நம்பித்தான் எழுதப் போறேன். ஒன்பது வீடும் போகும்."

நான் ஒரு டயரை எடுத்து, பஞ்சரே இல்லாத டயரை, தொட்டியில் முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் காலை பஸ் ஏறித் தம்போய்க்கு வந்தேன். வழியெல்லாம் நல்லதாக ஒரு கதை கட்டிப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை. உன் வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன்.

"கோடு பொய்டா. வெள்ளம் வடிஞ்சப்ப எதிர்க்கடை சீன முதலாளி அவர் தூண்ல கோடு போட்டாரு. எல்லாரும் அங்க போய் போட்டோ எடுத்தாங்க. நான் போட்டிக்கு என் தூண்ல அதுக்கு மேல அடிச்சேன். அவரு கோடு எப்பவோ அழிஞ்சுபோச்சு. ரெண்டடி இருக்கும்."

நீ தலையில் கையை வைத்துக்கொண்டாய். பிறகு, "அலமாக்" என்றாய். அப்புறம் சிரித்தாய் பார், இருமல் வரும்வரைக்கும் சிரித்தாய். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பத்து வாரம்டா, பாவி!" என்று என் முதுகில் ஒன்று வைத்தாய். இப்போதும் மழை நாளில் அந்த இடம் வலிக்கிறது.

அன்றே காரில் என்னை ஏற்றிக்கொண்டு வந்து, கடைக்குள் இரும்பு அலமாரியில் இருந்த துருக்கறையை அளந்தாய். தண்ணீர் நாள்கணக்கில் நின்ற கறை; அதை நான் அடிக்கவில்லை. சாயங்காலம் பழைய எண்ணையே போட்டு ஆற்றை ஓட விட்டாய். கறைக்கு ஒரு சாண் வித்தியாசத்தில் வந்து நின்றது. நீ ஆரம்பத்தில் வைத்த அதே எண்! வீடுகளில் தண்ணீர் ஜன்னலுக்குக் கீழே. தரையை உயர்த்திக்கொண்டு இருக்கலாம் என்று அறிக்கை எழுதினாய். லெட்சுமி அக்கா கேசரி கொண்டுவந்து கொடுத்தார். கோடு விஷயத்தை நீ யாரிடமும் சொல்லவில்லை. "கணக்குல ஒரு சின்னப் பிழை இருந்துச்சுக்கா, சரி பண்ணிட்டேன்" என்று உன் தலையில் போட்டுக்கொண்டாய்.

சென்ற ஆண்டு உன் நெஞ்சு நின்றுபோன மறுநாள், தம்போய் வீட்டில் உன் மகன் என்னைப் பேசச் சொன்னான். "அங்கிள், அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்தை." இந்தக் கோட்டுக் கதையைத்தான் சொன்னேன், எதுவும் சேர்க்காமல். இருந்தும் நாலைந்து பேர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். மணியம் கதை எடுத்துவிடுகிறான் என்று நினைத்திருப்பார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அறுபது வருடமாக நான் சம்பாதித்து வைத்த பேர் அது.

ஆனால் நீ, நீ படித்த படிப்பைச் சந்தேகப்பட்டாய். கம்ப்யூட்டரைச் சந்தேகப்பட்டாய். உன் மூளையைச் சந்தேகப்பட்டாய். நான் "சரிதான்டா" என்று சொன்னதை மட்டும் பத்து வாரமும் சந்தேகப்படவில்லை. மனசு உன்னைத் தேடும்போதெல்லாம் எனக்கு வேறெதுவும் நினைவுக்கு வருவதில்லை. இந்த வாயைப் போய் ஒருத்தன் நம்பினான்.