கதவு திறக்காத ஊர்

திருப்பதி

அன்புள்ள பிரேமலதா,

உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன். நான் நலம்.

ராமகுப்பம் பக்கம், வீட்டுக்குள் பட்டுப்புழு வளர்க்கும் ஓர் ஊரில், சிறுநீரகப் பரிசோதனைக்குப் போன எங்கள் குழுவுக்கு யாரும் கதவு திறக்கவில்லை. "ஒத்துழைக்க மறுப்பு" என்று குழுவினர் எழுதி, அவ்வூருக்கான சிகிச்சை முகாமையே நீக்கிவிட்டார்கள். நேற்று நானே போனேன். முனியம்மா என்பவர் என்னையும் வாசலிலேயே நிறுத்தினார்.

"பட்டுப்பூச்சி கடைசித் தீனி துன்னுகினு கீது டாக்டரே. வெளியாளு வந்தா அதுக்கு நோவு புடிச்சிடும். போன தபாவும் கூடு கட்னப்புறம் வாங்கன்னோம். வந்தீங்களா?"

அவருடைய கால்கள் வீங்கியிருந்தன.

புழுவை நோயிலிருந்து காப்பவர்களுக்கு ஆரோக்கியத்தில் அக்கறை இல்லையாம். பத்து நாள் பொறுக்காத அறிஞர்கள் அப்படி ஓர் அறிக்கை எழுதி, என் கையெழுத்தைக் கேட்டார்கள். நான் போடவில்லை.

கூடு கட்டியதும் தனியாகவே போகிறேன். வீட்டிலுள்ள என் பழைய இரத்த அழுத்தக் கருவியை அனுப்பு. இங்குள்ளதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொஞ்சம் பருப்புப் பொடியும் வை. ஜீப்பும் இனி இல்லை, பேருந்தில்தான் போகவேண்டும்.

உன்
தனசேகர்