பாப்பாவின் சிரிப்புக்கு இரண்டு டிஸ்க்

அன்புள்ள என்னவருக்கு, நான் நலம். உங்கள் முட்டிவலி குறைந்ததா?

பதறாமல் படியுங்கள். நீங்கள் அனுப்பிய நம் பாப்பாவின் வீடியோ பதிவுகள் இருக்கும் லேப்டாப் டக் டக்கென்று சத்தம் போட்டது. பழுது பார்க்கும் அம்மாள் காதை வைத்துக் கேட்டதுமே அணைத்துவிட்டார்.

"எத்தனை தடவை போட்டுப் பாத்தீங்க?"

"பத்துப் பதினஞ்சு..."

"நல்லா இருக்கு! இழுத்துக்கிட்டு கிடக்கிறத எழுப்பி ஓட விட்டிருக்கீங்க."

பழைய ஹார்டு டிஸ்க் ஒன்றைத் திறந்து காட்டினார். கண்ணாடி போல் ஒரு தட்டு. அதன்மேல், தலைமுடி கூட நுழையாத உயரத்தில், ஒரு முனை பறந்தபடியே படிக்குமாம். இப்படியொரு தட்டிலா நம் பாப்பா சிரிக்கிறாள்!

எல்லாவற்றையும் மீட்டுத் தந்தார். இனி எந்த டிஸ்க் நம்பகமானது என்று கேட்டேன்.

"சாகாத டிஸ்க் கிடையாதும்மா. ரெண்டு வாங்குங்க. ஒரே நாள்ல செஞ்சது வேணாம், சேந்தே போயிடும்."

ஒன்றை லேப்டாப்பில் மாட்டியாயிற்று. மற்றொன்றிலும் அதே பதிவுகளை ஏற்றி உங்களுக்கு அனுப்புகிறேன், பீரோவில் வையுங்கள். புதியதில் இடம் ஏராளம். பாப்பா அடம்பிடிப்பதையும் பதிந்து அனுப்புங்கள். நடுவில் உங்கள் குரலும் கேட்கட்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மனைவி