எட்டு வாரக் கணக்கு

எர்மெக்குக்கு அப்பா எழுதுவது. நீ கல்லுக்குண்டு மாதிரி இருப்பதாக உன்னோடு வேலை செய்கிற தெமிர் வந்து சொன்னான், சந்தோஷம். இங்கே நானும் நலம், ஆடுமாடுகளும் நலம், பனி இன்னும் கரையவில்லை. இந்த வீட்டில் நலமில்லாமல் போனவள் ஒருத்திதான், அவளைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. போனில் பேசினால் நான் கத்துகிறேன், நீ வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, அதனால்தான் எகாத்தரின்பர்க் திரும்புகிற தெமிரிடமே இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவன் முன்னால் உட்கார்ந்து முழுக்கப் படி. படித்தாய் என்று அவன் வாயால் நான் கேட்க வேண்டும்.

உன் மனைவி சைகலுக்கு மார்ச் எட்டாம் தேதியிலிருந்தே அடிவயிற்றில் இடப்பக்கம் வலி, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தமும் பட்டிருக்கிறது. விலக்கு தள்ளிப்போய் இப்போது வருகிறது என்று நினைத்திருக்கிறாள். உன்னிடம் சொல்லியிருக்கிறாள். நீ என்ன சொன்னாய்? "வைக்கோல் கட்டு தூக்கியிருப்பே, மாத்திரை போட்டுட்டுப் படு, அத்தாகிட்ட இதையெல்லாம் போய் சொல்லித் தொலைக்காதே, மானம் போகும்" என்றாயாம். மருமகள் மாமனாரிடம் இதையெல்லாம் சொல்லமாட்டாள், அது நம் வழக்கம், உன் அம்மாவும் உயிரோடு இல்லை, இதெல்லாம் தெரிந்த நீ அவளுக்கு இருந்த ஒரே வழியையும் அடைத்தாய். என் மேலும் தப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. பால் கறந்துவிட்டு எழுந்தவள் தொழுவத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை இரண்டு நாள் பார்த்தேன். மருமகளை உற்றுப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த மரியாதை நாசமாய்ப் போக.

பன்னிரண்டாம் தேதி காலை தேநீர் கொண்டுவந்தவள் கிண்ணத்தோடு அப்படியே சரிந்துவிட்டாள். முகம் மாவு பூசியது போல் வெளுத்திருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. வயிற்றைக்கூடச் சொல்லவில்லை, "அத்தா, தோள் வலிக்குது, தோள் வலிக்குது" என்கிறாள். தோளுக்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஓடிப்போய் மருந்தகத்து நர்ஸ் கலிபாவைக் கூட்டிவந்தேன். அவள் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். சிறுநீரைச் சோதிக்கிற அட்டையில் இரண்டு கோடு வந்திருக்கிறது. உள்ளே இருந்தே கத்தினாள், "ஜுமகதிர் அண்ணே, வண்டிய எடு! இவ உண்டாயிருக்கா, ஆனா கரு தங்கக்கூடாத இடத்துல தங்கியிருக்கு போல. உள்ளே ரத்தம் கொட்டுது. இங்க நின்னு அழுதுக்கிட்டிருந்தேன்னா, உன்னைத்தான் முதல்ல அடிப்பேன்." கையில் சலைன் ஏற்றி, பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி அவளும் ஏறிக்கொண்டாள். அந்தப் பழைய நிவா காரில் பனி மூடிய கணவாயை எப்படித் தாண்டினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நரின் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜில்டிஸ் என்று ஒரு அம்மா, உன் வயதுதான் இருக்கும். ஸ்கேன் பார்த்துவிட்டு வெளியே வந்து, கருப்பையில் ஒன்றுமில்லை, வயிறு முழுக்க ரத்தம் என்றார். எனக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். முட்டை குழாய் வழியாகக் கருப்பைக்கு வந்து சேர வேண்டும், இவளுக்கு வழியிலேயே குழாயில் தங்கி வளர்ந்துவிட்டது, குழாய் கருப்பை போல விரிந்துகொடுக்காது, வெடித்துவிட்டது, உள்ளே தேங்கிய ரத்தம் மேலே ஏறி நெஞ்சுக்கு அடியில் உறுத்துவதால்தான் தோளில் வலி தெரிகிறது என்றார். பிள்ளையை எடுத்துக் கருப்பையில் வைக்க முடியாதா என்று கேட்டேன். "அத்தா, அது உலகத்துல யாராலயும் முடியாது. இப்ப இவ பிழைக்கிறாளா இல்லையாங்கிறது மட்டும்தான் கேள்வி" என்றார். நாலு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால், வெடிப்பதற்கு முன்னால், சின்னதாக இருந்திருந்தால், ஒரு ஊசியிலேயே வளர்ச்சியை நிறுத்திப் பார்த்திருக்கலாமாம். கரு தானாகவே கரைந்துவிடும், அது முழுக்கக் கரையும்வரை வாராவாரம் ரத்தம் சோதிப்பார்கள், அவ்வளவுதான். நாலு நாள், எர்மெக்! நீ மாத்திரை போடச் சொன்ன நாலு நாள்.

உடனே ஆபரேஷன் செய்து குழாயை எடுக்க வேண்டும் என்றார்கள், அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். "குழாயை எடுத்துட்டா அப்புறம் பிள்ளை எப்படிப் பிறக்கும், யாரும் கத்தி வைக்கக் கூடாது, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றாய். டாக்டர் என் கையிலிருந்து போனை வாங்கி, "இவளுக்கு நாளைன்னு ஒண்ணு இருக்காது. உங்க அனுமதியை யாரும் கேக்கல, அவளுக்கு நினைவிருக்கு, அவ கையெழுத்து போதும்" என்று சொல்லி அணைத்துவிட்டார். சைகல் கையெழுத்துப் போட்டாள். பேனா அவள் விரலில் நிற்கவில்லை, கலிபா காகிதத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள். இடது குழாயை எடுத்தார்கள், மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மதியம் ஆவதற்குள் அவள் கண் திறந்தாள்.

இதோடு முடிந்திருந்தால் உன்னை முட்டாள் என்று மட்டும் திட்டி நிறுத்தியிருப்பேன். நாலாம் நாள் நீ அவளுக்குப் போன் செய்தாய். நான் வெளியே சூப் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். இரண்டு வருடத்தில் என் முகம் பார்த்துப் பேசாத பெண், சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "அத்தா, எட்டு வாரக் கருன்னு டாக்டர் எழுதியிருக்காங்க. எட்டு வாரம் பின்னால எண்ணினா ஜனவரி பதினஞ்சு, அவர் ஊருக்கு வந்ததே பதினெட்டாம் தேதி, அந்த மூணு நாளுக்கு யார் பொறுப்புன்னு கேக்கிறார். என்னை எங்கம்மா வீட்ல விட்டுடுங்க." தையல் போட்ட வயிற்றோடு கிடக்கிற பெண்ணிடம் இதைக் கேட்க உனக்கு எப்படி நாக்கு வந்தது?

அறுபத்திரண்டு வயதுக் கிழவன் நான், டாக்டர் அறைக்குப் போய் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெண்களின் விலக்குக் கணக்கைக் கேட்டேன். அதையும் என்னைச் செய்யவைத்தாய். கேட்டுக்கொள். கர்ப்பத்தின் வாரத்தைக் கூடிய நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசி விலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள், உலகம் முழுக்க அப்படித்தான். ஜனவரி பதினைந்து அவள் விலக்கான நாள். கரு உண்டாவது அதற்கு இரண்டு வாரம் கழித்து, மாதக் கடைசியில். அப்போது யார் இந்த வீட்டில் படுத்துத் தூங்கினான்? நீ. பிப்ரவரி நாலாம் தேதிதான் பஸ் ஏறினாய். டாக்டர் இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: பாதிப் பேர் விஷயத்தில் எதனால் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிக்க முடிவதில்லை, சிலருக்குப் பழைய தொற்று குழாயில் வடுவை விட்டுப்போயிருக்கும், அவள் சோதித்துக்கொண்டாள், புருஷனும் சோதித்துக்கொள்ளட்டும் என்றார். மூன்று நாளைக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், போய் உன் ரத்தத்தையும் சிறுநீரையும் கொடுத்துவிட்டு வா.

பிள்ளை இல்லாமல் போய்விடும் என்று பயந்தாயே, வலது குழாய் நன்றாக இருக்கிறது, அவள் விரும்பினால் பிள்ளை பிறக்கும். சில மாதம் உடம்பு தேறட்டும், அடுத்த முறை நாள் தள்ளியதுமே ஓடிவந்து ஸ்கேன் எடுக்க வேண்டும், ஒருமுறை ஆனவளுக்கு மறுபடியும் ஆகலாம் என்றார். இதை உனக்காக எழுதவில்லை. அவள் யாருக்குப் பெற்றாலும் இது தெரிந்திருக்க வேண்டும்.

கொச்கோரில் அவள் பெற்றோர் வீட்டுக்கு நானே கொண்டுபோய் விட்டேன். ரொட்டி வைத்தார்கள், என் கை அதன் பக்கம் போகவில்லை. அவள் அப்பா எதிரில், அக்கம்பக்கத்தார் இருக்கும்போதே எழுந்து நின்று, என் மகன் சொன்னது பொய், உங்கள் மகள் மேல் தூசி இல்லை என்று சொன்னேன். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை. "இதைச் சொல்ல அவன் வரமாட்டானா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே கேள். சம்பளம் பிடிப்பார்கள், வேலை போகும் என்று கதை சொல்லாதே. அடுத்த பஸ்ஸில் வா. நேராக நம் வீட்டுக்கு வராதே, கதவு பூட்டியிருக்கும். கொச்கோருக்குப் போ, அவர்கள் எல்லோர் எதிரிலும் நீ சொன்னதை நீயே திரும்ப வாங்கு. அவள் உன்னைப் பார்ப்பாளா, உன்னோடு வருவாளா என்று நான் கேட்கவில்லை, பார்க்கும்படி சொல்லவும் மாட்டேன். எப்போதும் கடிதத்தின் கடைசியில் உன்னை ஆசீர்வதிப்பேன். இந்த முறை கை உயரவில்லை. ஆண்டவன் உன்னை அந்த வாசல் வரைக்கும் உயிரோடு கொண்டுவரட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன். சோதனைச் சீட்டை மறக்காமல் கொண்டு வா.

உன்னைப் பெற்ற பாவத்துக்கு,
ஜுமகதிர்
அத்-பாஷி, மார்ச் 29