நான் விரலில் காட்டிய எண்கள்

போன ஞாயிற்றுக்கிழமை டெல்லி கிட்வாய் நகரில் ஒரு கல்யாண வரவேற்பு. பந்தி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். டீசல் புகை உள்ளே வந்ததும் எல்லோரும் முகம் சுளித்தார்கள். நான் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எஞ்சின் சீராக ஓடவில்லை. இன்ஜெக்டர் ஒன்று மக்கர் செய்தது. அதைச் சொல்லப் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிவிட்டேன். அங்கே யாரோ ஒரு அம்மாள் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீ போய் எட்டு மாதம் ஆகிறது என்பது இந்த மரமண்டையில் இன்னும் ஏறவில்லை.

நம் பாதி ஆயுள் சென்னை போகும் ஏ.சி. ரயிலின் பவர் காரில் கழிந்தது. வண்டி முழுவதற்கும் குளிரும் வெளிச்சமும் அனுப்புகிற பெட்டி. உள்ளே இரண்டு ராட்சச ஜெனரேட்டர்கள், அவற்றோடு நாம் இருவர். அந்த இரைச்சலில் வாயைத் திறந்து பயனில்லை. ஆயில் என்றால் கட்டைவிரல், சூடு ஏறினால் விரித்த கை, லோடை மாற்ற வேண்டுமென்றால் இரண்டு விரலைத் திருப்புவது. நான் காதில் பஞ்சு அடைத்துக்கொள்வேன். நீ மாட்டாய்.

"பஞ்சு வெச்சுக்கினா எஞ்சின் சொல்றது எப்டிடா கேக்கும்?" என்பாய்.

பேரிங் தேய ஆரம்பித்தால் மீட்டர் காட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவாய். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

முதலில் விஷயத்தைக் கவனித்தது என் மனைவிதான். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாய் அல்லவா, அப்படி ஒரு நாள் நீ கிளம்பிப் போனதும் சொன்னாள்: "நான் பேசறப்பல்லாம் உங்க சிநேகிதர் என் வாயையே பாக்கறாருங்க. அவருக்குக் காது கேக்கல. ஆபீஸ்ல சொல்லிடச் சொல்லுங்க, வேற வேலை குடுப்பாங்க." மத்திய அமைச்சகம் ஒன்றில் கிளார்க்காக இருப்பவள், சட்டதிட்டம் தெரிந்தவள்.

அதை உன்னிடம் சொன்னதும் உன் முகம் செத்துப்போனது. வேறு வேலை என்றால் டெல்லி டெப்போவில் ஒரு நாற்காலி. உன் மனைவியோ பெரம்பூரில் பள்ளிக்கூட டீச்சர். மகள் அப்போது நாலாம் வகுப்பு. வண்டியோடு சென்னை போகும் ஒவ்வொரு முறையும் உனக்கு ஒரு ராத்திரி வீடு கிடைத்தது.

"மாசத்துக்கு நாலு தடவ எம் பொண்ணு மூஞ்சியப் பாக்கறேன். டெப்போல குந்த வெச்சாங்கன்னா வருசத்துக்கு ஒரு தடவதான். மெடிக்கல்ல எப்டியாவது தாண்டிறணும்டா."

மெடிக்கலும் வந்தது. டாக்டர் தள்ளி நின்று இந்தியில் கிசுகிசுப்பாக ஓர் எண் சொல்வார். அவருக்கு முதுகைக் காட்டி நின்று நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். அடுத்து என் முறை என்பதால் உனக்கு நேரெதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் "சத்ரா" என்றார். என் முழங்கால் மேல் ஒரு விரல், பிறகு ஏழு. "சத்ரா சாப்" என்றாய். "பச்சீஸ்" என்றார். இரண்டு, பிறகு ஐந்து. அவர் தாளிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. "அச்சா, நெக்ஸ்ட்." வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாய்.

உன் மகளுக்காகச் செய்தேன் என்று அன்றைக்கு நீ நம்பினாய். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். பாதிதான் நிஜம். நீ போய்விட்டால் முன்பின் தெரியாத ஓர் ஆளோடு டெல்லிக்கும் சென்னைக்கும் நான் போய்வர வேண்டும். தமிழில் திட்டவும் திட்டு வாங்கவும் எனக்கு ஆள் இருக்காது. அந்தப் பயம்தான் என் விரலைத் தூக்கியது. விஷயம் தெரிந்து மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்றைக்கே உன்னை வண்டியிலிருந்து இறக்கியிருந்தால் மிச்சமிருந்த காதாவது தப்பியிருக்கும்.

அடுத்த மெடிக்கலை அடைத்த அறைக்குள் மெஷின் வைத்து எடுத்தார்கள். அதற்குள் உனக்கு இடி விழுந்தாலும் கேட்காத நிலை. எதற்குப் பயந்தாயோ அந்த டெப்போ நாற்காலி வந்து சேர்ந்தது. சில வருடங்களில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு பெரம்பூர் போய்விட்டாய்.

ஒரு முறை அங்கே வந்தேன். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த உன் மகள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு என்னவோ கேட்டாள். அவள் உதட்டைப் பார்த்துத் தலையாட்டினாய். அவள் உள்ளே போனதும் சொன்னாய்:

"அவ கொரலு எனக்கு ஆறாங் கிளாசோட நின்னுபோச்சுடா. இப்ப எப்டிப் பேசறான்னு தெரியல. ஆனா ஒன் புண்ணியத்துல அத்தினி வருசம் வூட்டுக்கு வந்து போனேன்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். நான் கோழை.

நீ போனதை எனக்குச் சொன்னவளும் உன் மகள்தான். "மாமா, அப்பா போயிட்டாரு" என்றாள் போனில். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறையாவது கூப்பிடுகிறாள்.

கேட்டுக்கொள். அவள் குரல் கொஞ்சம் கட்டை. வேகமாகப் பேசிக்கொண்டே போய் நடுவில் மூச்சு வாங்க நிற்பாள். "சாப்ட்டீங்களா மாமா" என்று கேட்கும்போது மாமாவை இழுப்பாள். சிரிப்பு வந்துவிட்டால் சிரித்து முடித்த பிறகுதான் பேச்சு. நேற்றும் கூப்பிட்டாள். உன்னைப் பற்றி அரை மணி நேரம் பேசினாள். ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.