ஆம்லெட் விலைக்காக முத்திரை வைக்கப்பட்ட படகுத்துறைக் கடை

அனுப்புநர்:
உரிமையாளர்,
படகுத்துறைச் சாப்பாட்டுக் கடை,
தீவு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
விலைக் கண்காணிப்புத் துறை,
தலைமை அலுவலகம், அக்கரை.

பொருள்: அநியாய விலை என்று காரணம் காட்டி என் கடையை மூடவைத்த தங்கள் ஆய்வாளர் மீது புகார், முத்திரையை உடனே அகற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

(இப்படித் தொடங்குவது முறை என்பதால் எழுதியிருக்கிறேன்.)

1. நானும் என் நாத்தனாரும் பதினாறு வருடமாக இந்தக் கடையை நடத்துகிறோம். கல்லாவில் நான், அடுப்படியில் அவர். தீவில் சமைத்த சாப்பாடு கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். நர்ஸ், இரண்டு வாத்தியார்கள், வலைக்காரர்கள், படகுக்காரர்கள் என்று தினமும் நாற்பது பேர் சாப்பிட்டுவந்தார்கள். பத்து நாட்களாகக் கதவில் தங்கள் அரக்கு முத்திரை இருக்கிறது.

2. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தங்கள் ஆய்வாளர் வந்தார். சோறும் ஆம்லெட்டும் சாப்பிட்டார். விலையைச் சொன்னதும், "ஏம்மா, இது கோழி போட்ட முட்டையா, மயில் போட்ட முட்டையா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, விவரத்தைச் சொன்னேன். அவர் காதில் விழாததைத் தாங்களாவது வாசிக்கவும்.

3. முட்டை அக்கரையில் லாரியில் ஏறி, இறங்கி, அரசுப் படகில் ஏறி, இறங்கி, தள்ளுவண்டியில் ஏறி என் கடைக்கு வருகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் கூலி உண்டு. முப்பது முட்டைத் தட்டில் நான்கு உடைந்துதான் வரும். உடைந்ததற்கும் சேர்த்துத்தான் படகுக் கட்டணம். கேஸ் சிலிண்டர் நிரம்பி வருவதற்கு ஒரு கட்டணம், காலியாகத் திரும்பிப் போவதற்கும் அதே கட்டணம். காற்றுக்கு எடை போட்டுக் காசு வாங்கும் அரசாங்கம் என்னைக் கொள்ளைக்காரி என்கிறது.

4. அன்று மாலையே திரும்பிவிடலாம் என்று ஆய்வாளர் நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமைவரை படகு இல்லை என்று அவருக்கு நான்தான் சொல்லவேண்டியிருந்தது. தினமும் ஓடிய படகை, வீண் செலவு என்று சொல்லி, வாரத்துக்கு இரண்டாகக் குறைத்தது இந்த அரசாங்கம்தான். அது அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தின் சாமான் அறையில் அவருக்குப் பாய் போட்டுக் கொடுத்தோம். புதன்கிழமை சவர பிளேடு வாங்கப் போனவர், அதன் விலைக்கும் என்னிடம் வந்துதான் கத்தினார். வியாழக்கிழமை அவருக்குக் காய்ச்சலும் இருமலும். நர்ஸ் தன்னிடம் மீதியிருந்த ஒரே இருமல் மருந்தை அவருக்குக் கொடுத்தார். நாத்தனார் மூன்று வேளையும் குழைந்த சோறும் சூடான பாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்கு நாங்கள் காசு வாங்கவில்லை.

5. வெள்ளிக்கிழமை படகேறும் முன், மற்ற ஆறு வேளைக்கும் பில் கேட்டார். "பயணப்படி வாங்கணும்மா, தெளிவா எழுதிக் குடுங்க" என்றார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் தங்கள் நோட்டீஸ் வந்தது. அதில் என் குற்றத்துக்கு ஆதாரமாக அதே பில்லின் நகல், ஒவ்வொரு வரிக்கும் அடியில் சிவப்புக் கோடு. உண்ட வீட்டைக் காட்டிக்கொடுக்க எங்கள் பேனாவையே கடன் வாங்கியிருக்கிறார்.

6. மூன்று பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். தங்கள் அலுவலகம் ஒரே வரியில் பதில் போட்டு, கூடவே கடையை மூடும் உத்தரவையும் அனுப்பியது: "விளக்கம் ஏற்கப்படவில்லை, தீவில் வசிப்பது தங்களின் சொந்த விருப்பம்."

7. என் நாத்தனார் இங்கே பிறந்தவர். போன வருடம் அவருடைய மூக்குக்கண்ணாடி உடைந்தது. மாற்ற வேண்டுமானால் செவ்வாய்க்கிழமை போய் வெள்ளிக்கிழமைதான் திரும்பமுடியும். மூன்று நாள் லாட்ஜ் வாடகை கண்ணாடியின் விலையைவிட அதிகம். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் தள்ளிப்போட்டு, குத்துமதிப்பாகக் காய் நறுக்கினார். இன்று அவருடைய இடது ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. தங்கள் கடிதத்தில் 'விருப்பம்' என்ற சொல் வருகிற இடத்தை மட்டும் நான் அவருக்கு வாசித்துக் காட்டவில்லை.

8. பாத்திரம் முதல் உப்பு வரை எல்லாம் கடைக்குள்ளேயே இருக்கின்றன. எடுக்க ஐந்து நிமிடம்கூடத் தரவில்லை. கட்டணம் கட்டி இறக்கிய ஒரு மூட்டை வெங்காயம் உள்ளே அழுகி, நாற்றம் தெருமுனைவரை வருகிறது. நர்ஸ் பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டு ஊசி போடப் போனார். நாத்தனார் வழக்கம்போல விடியும் முன் எழுந்து, செய்ய வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

9. இதை எத்தனை நாள் பார்ப்பது? இந்தப் புதன்கிழமை காலை, முந்தின நாள் படகில் முட்டை இறக்கி, அக்கம்பக்கத்தில் பாத்திரம் இரவல் வாங்கி, படகுத்துறையில் வெட்டவெளியில் அடுப்பு மூட்டினோம். விலையைக் கரியால் பலகையில் எழுதி வைத்தேன். அதே பழைய விலைதான். பதினோராவது ஆளாக வந்து நின்றவர், கதவில் முத்திரை வைத்த காவலர். அடுப்பை அணைத்துவிடுவார் என்று நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். காவலரோ, "உத்தரவுல கடைன்னுதான்கா இருக்கு, அடுப்புன்னு இல்ல. ஒரு ஆம்லெட் போடுங்க" என்றார். முழு விலையும் கொடுத்தார். இதை எழுதினால் அவருக்குத் தொந்தரவு வராதா என்று அவரிடமே கேட்டேன். "தாராளமா எழுதுங்க. என்ன பண்ணுவாங்க, கரைக்கு மாத்துவாங்களா? மாத்தட்டும், புள்ளைங்க படிப்புக்காச்சு" என்றார்.

10. ஆகவே, முத்திரையை அகற்றவும், அழுகிய வெங்காயத்துக்கு ஈடு தரவும், படகுக் கூலியைக் கணக்கில் எடுக்காமல் தீவில் இனி விலை பார்க்கக்கூடாது என்று ஆய்வாளருக்கு எழுத்தில் அறிவுறுத்தவும் கோருகிறேன். மழைக்காலத்துக்கு மூன்று வாரமே இருக்கிறது. அதற்குள் ஆணை வந்தால் கூரையின் கீழ் சமைப்போம். வராவிட்டால் தார்ப்பாய் கட்டிச் சமைப்போம். தார்ப்பாயும் அக்கரையிலிருந்துதான் வரவேண்டும். அந்தச் செலவும் ஆம்லெட் விலையில் ஏறும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வணங்காமல் கையெழுத்திடும்,
(கையொப்பம்)
கடை உரிமையாளர்

(இடதுகைப் பெருவிரல் ரேகை)
சமையல் பொறுப்பாளர், உரிமையாளரின் நாத்தனார்

இடம்: படகுத்துறை
நாள்: வெள்ளிக்கிழமை, படகு புறப்படும் முன்