வளர்கிற முழங்கால்

புதுச்சத்திரம்,
9.6.2024

இலக்கியாக்கா,

நான் நலமில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். நம் விளையாட்டு ஹாஸ்டலில் போன் தரமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்கு வாலிபாலில் எகிறி இறங்கும்போது 'டப்' என்று கேட்டதே, அது முழங்காலுக்குள் தசைநார் அறுந்த சத்தமாம். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் உள்ளே குறுக்காகக் கட்டியிருக்கும் நார். சின்னப் பிள்ளைகளுக்குச் சில சமயம் நார் அறாமல் எலும்புத் துண்டோடு பெயர்ந்துவருமாம், அதைப் பொருத்திவிடலாமாம். எனக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

பெரியவர்களுக்கென்றால் இரண்டு எலும்பிலும் துளை போட்டு வேறு நாரை இழுத்துக் கட்டிவிடுவேன் என்றார் சேலத்து டாக்டர். எனக்கு எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளுகிற இடம், இன்னும் மூடவில்லையாம். அதன் வழியாகத் துளைத்தால் கால் கோணலாகவோ குட்டையாகவோ ஆகிவிடலாமாம். வளர்த்தி முடியும்வரை குதிக்கவே கூடாதாம்.

"எப்பங்க முடியும்?" என்று கேட்டேன்.

"உனக்குப் பன்னண்டுதானே சாமி, ரெண்டு வருசம் ஆகும்" என்றார்.

உனக்குப் பதினாலு முடிந்துவிட்டது. உனக்கு அறுந்திருந்தால் இந்நேரம் கட்டியிருப்பார்கள். அதை நினைத்தால் உன்மேல் பொறாமையாக இருக்கிறது.

என் இடத்தில் யார் ஆடுகிறார்கள்?

யுவஸ்ரீ


சேலம்,
17.6.2024

என் செல்ல யுவாவுக்கு,

உன் கடிதம் பார்த்து அழுகை வந்தது. காலுக்கான பிசியோதெரபி பயிற்சியை விட்டுவிடாதே.

உன் இடத்தில் நான்தான் ஆடுகிறேன். நம் கோச் தமிழரசு சார் உன் ஏழாம் நம்பர் ஜெர்சியையும் எனக்கே கொடுத்துவிட்டார். நீதான் என்னைவிட உயரமாயிற்றே, தொடைவரை தொங்கியது, கீழே மடித்துத் தைத்துக்கொண்டேன். ஆத்தூர் டீமை ஜெயித்துவிட்டோம். நான் அடித்த கடைசி அடியை நீ பார்த்திருக்க வேண்டும்!

உங்கள் பண்ணை முட்டையாகத் தின்று தெம்பாக இரு.

அன்பு அக்கா,
இலக்கியா


புதுச்சத்திரம்,
26.6.2024

இலக்கியாக்கா,

என் ஜெர்சியில் ஊசி போட உனக்கு எப்படி மனசு வந்தது? வயிறு எரிகிறது. நீ ஜெயித்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நீ தோற்றிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

முட்டை தின்னச் சொல்கிறாயா? நான் அதை நிறுத்திவிட்டேன். பண்ணையில் வளர்கிற கோழிக்கு எடை கூடினால் அப்பா தீவனத்தைக் குறைப்பார், வளர்த்தி அடங்கிவிடும். எனக்கும் அதே வைத்தியம்தான். பால் கிடையாது, முட்டை கிடையாது, ராத்திரிச் சோறு நாய்க்கு. தட்டு சீக்கிரம் மூடும், டாக்டர் கட்டிவிடுவார், நான் வந்து என் இடத்தைப் பிடுங்கிக்கொள்வேன்.

நேற்று படியில் தலை சுற்றியது. நல்லவேளை, விழவில்லை. அம்மாவிடம் சொன்னாயோ, உன்னோடு டூ.

யுவஸ்ரீ


சேலம்,
1.7.2024

யுவா,

டூ விட்டுக்கொள். வார்டனிடம் கெஞ்சிப் போன் வாங்கி உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாவம், அழுதுவிட்டார்.

நீ கோழி இல்லை. பட்டினி கிடந்தால் தட்டு மூடாது, எலும்புதான் வீணாகும். படியில் விழுந்திருந்தால் முழங்காலில் மிச்சமிருப்பதும் போயிருக்கும்.

போன வாரம் மாநில அணிக்குத் தேர்வு நடந்தது. வயது பார்க்கக் கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்குத் தட்டு மூடிவிட்டதாம். நீ பொறாமைப்பட்டாயே, அதேதான். "நல்லா அடிக்குதுங்க, ஆனா இனி வளராது" என்று சாரிடம் சொல்லிவிட்டு என் பெயரை நீக்கிவிட்டார்கள். இன்னும் நாலு விரல் உயரம் இருந்திருந்தால் போதும்.

திரும்பி வரும்போது சார் உன்னைப் பற்றியே பேசினார். "யுவஸ்ரீ இன்னும் வளரும், காத்திருக்கலாம்" என்றார். சந்தோஷமாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். பஸ் சேலம் வரும்வரை எனக்கும் வயிறு எரிந்தது. நான் அழுது கேட்டாலும் கிடைக்காததை நீ நாய்க்குப் போட்டுக்கொண்டிருக்கிறாய். இன்று ராத்திரி ஒழுங்காகச் சாப்பிடு.

ஜெர்சியை இத்துடன் அனுப்புகிறேன். மடித்த தையலைப் பிரித்துவிட்டேன். நீ திரும்பி வரும்போது அது உனக்குப் போதக் கூடாது.

இலக்கியா